நோட்டின் கடைசிப் பக்கம்

புது நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பத்தாவது பக்கத்தில் சாயத் தொடங்கி, இருபதாவது பக்கத்துக்குள் கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும். அதற்குள் பின்னாலிருந்து கடைசிப் பக்கம் நிரம்பிக்கொண்டு வரும்: புள்ளிகள், கட்டங்கள், அடித்துத் திருத்திய கோடுகள், யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்ற கணக்கு. பாடம் மாறும், மொழி மாறும். கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கம் மட்டும் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

இதெல்லாம் நேரம் போக்கும் கிறுக்கல் என்றுதான் பொதுவான நினைப்பு. ஆனால் இந்த ஆட்டங்களில் பகடையும் இல்லை, சீட்டுக் கலைப்பதும் இல்லை. பலவற்றில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: மிச்சம் ஒற்றையா, இரட்டையா? அதைப் பாதி ஆட்டத்திலேயே கேட்டுவிடுபவர் ஜெயிக்கிறார். கடைசியில் கேட்பவர் "சே, ஒரு கோட்டில் போச்சு" என்கிறார்.

முதலில் தாளும் பேனாவும், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. கோடு போட்ட நோட்டில் புள்ளிகளை அந்தக் கோட்டின் மேலேயே வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. பத்து நகர்வு போனதும், அங்கே நீங்கள் இழுத்த கோடு இருக்கிறதா, நோட்டின் கோடு மட்டும்தானா என்று தெரியாமல் போகும். புள்ளிகளை இரண்டு கோடுகளுக்கு நடுவில் வையுங்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி. அடுத்தடுத்த புள்ளிக்கு இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் கட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தை எழுத இடம் கிடைக்கும். பென்சில் வேண்டாம், அழிந்த கோட்டுக்குச் சாட்சி கிடையாது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறி அடுத்த ஆட்டத்தைக் கெடுக்கும். இரண்டு நிற பால்பாயிண்ட் பேனா போதும். ஒரே பேனாதான் இருக்கிறதென்றால் ஒருவர் நேர்கோடு, இன்னொருவர் நெளிகோடு.

எக்ஸ்-ஓ ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அது ஏற்கெனவே செத்த ஆட்டம். ஒன்பது கட்டத்தில் 2,55,168 விதமாக ஆட முடியும் என்பது உண்மை. இருவரும் தவறு செய்யாவிட்டால் எல்லாமே சமன் என்பதும் உண்மை. தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. எதிரி மூலையில் தொடங்கினால் நடுக்கட்டத்தை எடுங்கள். வேறு எங்கே வைத்தாலும் தோற்கடிக்க வழி உண்டு. எதிரி நடுவில் தொடங்கினால் மூலையை எடுங்கள். மூன்றாவது ஒரு பொறி: எதிரி மூலையில் வைத்தார், நீங்கள் நடுவில் வைத்தீர்கள், அவர் நேரெதிர் மூலையில் வைத்தார். இப்போது உங்கள் கை தானாக இன்னொரு மூலைக்குப் போகும். போனால் முடிந்தது, அவர் உங்களைத் தடுக்கும் சாக்கில் கடைசி மூலையையும் பிடித்து, இரண்டு பக்கம் ஒரே நேரத்தில் மிரட்டுவார். பக்கவாட்டு நடுக்கட்டத்தில் வையுங்கள், தப்பிவிடலாம்.

செத்த ஆட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் கட்டம் போட்ட தாளை எடுத்து 15-க்கு 15 பரப்பில் ஐந்து அடையாளம் வரிசையாக என்று மாற்றுங்கள். இருபுறமும் திறந்த மூன்று (இரண்டு முனையிலும் காலிக் கட்டம் உள்ள வரிசை) வந்த உடனே தடுக்க வேண்டும். இருபுறமும் திறந்த நான்கு வந்துவிட்டால் தடுக்கவே முடியாது. ஜெயிக்கும் வழி, ஒரே அடையாளத்தில் ஒரு நான்கும் ஒரு திறந்த மூன்றும் சேர்ந்து உண்டாகும்படி வைப்பது. முதலில் ஆடுபவருக்கு இதில் அநியாய அனுகூலம் உண்டு. எந்தத் தடையும் இல்லாத விதியில் அவர் எப்போதும் ஜெயிக்க முடியும் என்று 1990-களில் கணினியால் நிரூபித்தே விட்டார்கள். அதற்கு மருந்து எளிது. ஒருவர் முதல் மூன்று அடையாளங்களை (இரண்டு எக்ஸ், ஒரு ஓ) தன் இஷ்டப்படி வைக்கட்டும், மற்றவர் எந்தப் பக்கம் ஆடுவது என்று தேர்ந்தெடுக்கட்டும். கேக் வெட்டுபவர் ஒருவர், துண்டை எடுப்பவர் இன்னொருவர் என்ற அதே நியாயம்.

இனி ராஜ ஆட்டம்: புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக் கட்டம் பிடிப்பது. எதூவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1889-லேயே இதை எழுதி வைத்தார். விதி எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும், நான்காவது பக்கத்தை மூடுபவருக்குக் கட்டம், கட்டம் பிடித்தவர் மறுபடி ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: கட்டம் காத்திருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்தே தீர வேண்டும் என்று விதி இல்லை. இந்த ஒரு வரியில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே இருவரும் இதை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள், நடுவில் சொன்னால் ஏமாற்று வேலை போலத் தெரியும்.

ஆட்டத்தின் முதல் பாதியில் யாரும் எந்தக் கட்டத்துக்கும் மூன்றாவது பக்கம் போட மாட்டார்கள். ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட பத்திரமான கோடு தீர்ந்துபோகும். அப்போது பலகையைப் பார்த்தால் கட்டங்கள் ரயில் பெட்டி போல ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஒன்றைத் திறந்தால் அந்த வரிசை முழுவதும் விழும். அதைச் சங்கிலி என்போம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தால் நீண்ட சங்கிலி.

எடுத்துக்காட்டாக 4-க்கு 4 புள்ளி, 9 கட்டம். பலகையில் மிச்சம் இரண்டு சங்கிலி: ஒன்றில் 4 கட்டம், மற்றதில் 5. எதிரி வேறு வழியில்லாமல் நான்கைத் திறக்கிறார். ஆசைப்பட்டு நான்கையும் எடுத்தால் அடுத்த கோடு நீங்கள்தான் போட வேண்டும். ஐந்தைத் திறந்து கொடுப்பீர்கள், 4–5 என்று தோற்பீர்கள். மாறாக முதல் இரண்டு கட்டத்தை மட்டும் எடுங்கள். மீதி இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் கோட்டைத் தொடாமல், சங்கிலியின் மறு நுனியில் இருக்கும் கோட்டைப் போட்டு மூடுங்கள். இப்போது அந்த இரண்டு கட்டமும் ஒரே கோட்டில் எதிரிக்குக் கிடைக்கும். அவர் எடுப்பார், எடுத்ததும் இன்னொரு கோடு போட வேண்டும், இருப்பது ஐந்து கட்டச் சங்கிலி மட்டும். அதைத் திறந்து உங்களிடம் கொடுப்பார். கணக்கு 7–2. இரண்டைத் தானம் கொடுத்து ஐந்தை வாங்கும் வித்தை இது. தெரிந்தவரும் தெரியாதவரும் ஆடினால் தெரியாதவர் பெரும்பாலும் தோற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

ஆக, முதல் நீண்ட சங்கிலியைத் திறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு வருகிறது என்பதே கேள்வி. கணிதர் எல்வின் பெர்லேகாம்ப் இந்த ஆட்டத்துக்கென்றே 2000-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதன் முதுகெலும்பு ஒரு கூட்டல். பலகையின் மொத்தப் புள்ளிகளோடு நீண்ட சங்கிலிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரட்டை வந்தால் முதலில் ஆடியவர் கை ஓங்கும், ஒற்றை வந்தால் இரண்டாமவர் கை. 6-க்கு 6 புள்ளி என்றால் 36. எனவே முதலாமவர் இரண்டு அல்லது நான்கு நீண்ட சங்கிலி உருவாகப் பார்க்க வேண்டும், இரண்டாமவர் ஒன்று அல்லது மூன்று. 5-க்கு 5 புள்ளி என்றால் 25, கணக்கு தலைகீழ். பாதிக் கோடுகள் விழும்போதே எத்தனை சங்கிலி உருவாகப் போகிறது என்று கண்ணால் அளக்கத் தொடங்குங்கள். எண்ணிக்கை உங்களுக்கு எதிராகப் போகிறதென்றால் ஒரு கட்டத்தையோ இரண்டையோ முன்கூட்டியே பலி கொடுத்து, ஒரு நீளச் சங்கிலியை வெட்டுங்கள், அல்லது பிரிந்து நிற்கும் இரண்டை ஒன்றாக்குங்கள். பலியைத் தாமதமாகக் கொடுத்தால் பயனில்லை, சங்கிலி இறுகிய பிறகு எண்ணிக்கை மாறாது.

தப்பு நடக்கும் இடங்கள் சில. இரண்டு கட்டச் சங்கிலியைத் திறந்து கொடுக்க நேர்ந்தால் நுனிக் கோட்டைப் போடாதீர்கள், நடுக்கோட்டைப் போடுங்கள். நுனியில் போட்டால் எதிரி மறு நுனியை மூடி அதே தான வித்தையை உங்கள் மேல் காட்டுவார். நடுவில் போட்டால் அவர் இரண்டையும் தனித்தனியாக எடுத்துவிட்டு அடுத்த கோட்டைத் தானே போட்டாக வேண்டும். வளையமாக மூடிய சங்கிலி இருந்தால் தானம் இரண்டு அல்ல, நான்கு. அதோடு மேலே சொன்ன கூட்டலில் வளையத்தைச் சேர்க்கக் கூடாது. கடைசிச் சங்கிலியில் தானம் கிடையாது, முழுவதும் எடுங்கள் (பழக்கதோஷத்தில் அங்கேயும் இரண்டை விட்டுவிடுபவர்கள் உண்டு). சங்கிலிகள் எல்லாம் மூன்று மூன்றாகவே இருந்தால் இந்த வித்தை நஷ்டக் கணக்காகலாம். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு ஒன்று, அவருக்கு இரண்டு. அப்படி நான்கு சங்கிலி இருந்தால் 1+1+1+3, மொத்தம் 6–6. நான்கு கட்டச் சங்கிலியில் தானம் சரிபாதி, ஐந்திலிருந்து லாபம்.

அளவைப் பொறுத்தவரை 6-க்கு 6 புள்ளிதான் சரியான அளவு. 60 கோடு, 25 கட்டம், ஒற்றைப்படை என்பதால் சமன் வராது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவேளையில் முடிந்துவிடும். 4-க்கு 4 சங்கிலிக் கணக்கைப் பழகத்தான் நல்லது. 10-க்கு 10 போடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதல் நூறு கோடு வெறும் கைவேலை.

கோடு போடுவதில் இன்னொரு குட்டி ஆட்டம் சிம். குஸ்டேவஸ் சிம்மன்ஸ் என்பவர் 1969-ல் அறிமுகப்படுத்தியதால் அந்தப் பெயர். அறுகோணத்தின் முனைகள் போல ஆறு புள்ளி வையுங்கள், ஆளுக்கொரு நிறம், மாறி மாறி ஏதாவது இரண்டு புள்ளியை இணையுங்கள். தன் நிறத்திலேயே ஒரு முக்கோணத்தை முடித்தவர் தோற்றார். மொத்தம் 15 கோடுதான், இரண்டு நிமிடத்தில் முடியும். சமன் என்பதே வராது. ஏன் என்பதைத் தாளின் ஓரத்திலேயே நிரூபிக்கலாம். எல்லாக் கோடும் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கோடு கிளம்புகிறது, நிறம் இரண்டே, எனவே குறைந்தது மூன்று கோடு ஒரே நிறம், சிவப்பு என்போம். அந்த மூன்றின் மறுமுனைகளை இணைக்கும் மூன்று கோடுகளில் ஒன்று சிவப்பானாலும் சிவப்பு முக்கோணம். ஒன்றுகூடச் சிவப்பில்லை என்றால் அந்த மூன்றுமே நீலம், அது நீல முக்கோணம். தப்பிக்க வழியே இல்லை. பிழையில்லாமல் ஆடினால் இரண்டாமவர் ஜெயிப்பார் என்பது கணினி சொல்லும் தீர்ப்பு, ஆனால் அந்த வழியை மனப்பாடம் செய்வது கடினம், அதனால் ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சண்டை வரும் இடம் ஒன்று: கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்ளும்போது உண்டாகும் குட்டி முக்கோணங்கள் கணக்கில் வராது. மூன்று முனையும் அந்த ஆறு புள்ளிகளில் இருக்க வேண்டும்.

அழகில் எதற்கும் இளைக்காதது ஸ்ப்ரௌட்ஸ், அதாவது முளை. கேம்பிரிட்ஜில் ஜான் கான்வேயும் மைக்கேல் பேட்டர்சனும் 1967-ல் கண்டுபிடித்தார்கள். மூன்று அல்லது நான்கு புள்ளியை நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு நகர்வு என்றால் இரண்டு வேலை. இரண்டு புள்ளிகளை ஒரு வளைகோட்டால் இணைக்க வேண்டும் (அதே புள்ளிக்கே திரும்பி வரும் வளையமும் செல்லும்), பிறகு அந்தக் கோட்டின் மேல் எங்கேயாவது ஒரு புதுப் புள்ளி வைக்க வேண்டும். எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டு முனைக்கு மேல் சேரக் கூடாது. நகர்த்த முடியாதவர் தோற்றார்.

இது எப்போதாவது முடியுமா என்று தோன்றும், புதுப் புள்ளிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றனவே! முடியும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று உயிர் என்று வையுங்கள். நான்கு புள்ளியில் தொடங்கினால் 12 உயிர். ஒவ்வொரு கோடும் இரண்டு உயிரைத் தின்னும். புதிதாக முளைக்கும் புள்ளிக்கு ஏற்கெனவே இரண்டு பக்கமும் கோடு இருப்பதால் மிச்சம் ஓர் உயிர். ஆக நகர்வுக்கு ஓர் உயிர் நிகர நஷ்டம். கடைசி நகர்வில் முளைத்த புள்ளியிடம் எப்படியும் ஓர் உயிர் இருக்கும். எனவே நான்கு புள்ளி ஆட்டம் 11 நகர்வைத் தாண்டாது, பொதுவாகச் சொன்னால் புள்ளிகளை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள். 8 நகர்வுக்குக் குறையவும் குறையாது.

இங்கேயும் அதே ஒற்றை-இரட்டை. ஆட்டம் முடியும்போது உயிரோடு தனித்து நிற்கும் புள்ளிகள் ஒவ்வொன்றிடமும் ஓர் உயிர்தான் இருக்கும், இரண்டு இருந்தால் தனக்குத்தானே வளையம் போட்டிருக்கலாம். எனவே மொத்த நகர்வு = 12 கழித்தல் தப்பிப் பிழைத்த புள்ளிகள். முதலாமவர் ஜெயிக்க மொத்தம் ஒற்றையாக வேண்டும், அதாவது பிழைத்த புள்ளிகள் ஒற்றையாக வேண்டும். அப்படியானால் ஆட்டத்தின் கலை, உயிருள்ள புள்ளி ஒன்றை யாரும் எட்ட முடியாதபடி வேலிக்குள் அடைப்பது, அல்லது எதிரி அடைக்கப் பார்ப்பதைத் தடுப்பது. நான்கு புள்ளியில் முதலாமவர் ஜெயிக்க வழி உண்டு. ஒன்று, இரண்டு, ஆறு புள்ளியில் இரண்டாமவர். சொதப்புவது பெரும்பாலும் இடநெருக்கடியால்தான். சின்னதாகத் தொடங்கினால் ஏழாவது நகர்வில் கோடு போக வழி இருந்தும் பேனா நுனி நுழையாது. அரைப் பக்கமாவது கொடுங்கள். மூன்று கோடு சேர்ந்து செத்த புள்ளியை உடனே கருப்பாக நிரப்பிவிடுங்கள், எண்ணுவது சுலபம்.

கோடு அடிக்கும் நிம் ஆட்டத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு தயக்கம், ஏனென்றால் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று நான்கு வரிசை நெட்டுக்கோடு போடுங்கள். உங்கள் முறையில் ஏதாவது ஒரே வரிசையில் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். கடைசிக் கோட்டை அடித்தவர் ஜெயித்தார். சார்ல்ஸ் பூட்டன் 1901-லேயே இதைத் தீர்த்து முடித்துவிட்டார். ஒவ்வொரு வரிசையையும் 4, 2, 1 என்று பிரியுங்கள்: ஏழு என்றால் 4+2+1, ஐந்து என்றால் 4+1, மூன்று என்றால் 2+1. மொத்தமாக நான்குகள் இரட்டை, இரண்டுகள் இரட்டை, ஒன்றுகள் இரட்டை என்று விட்டுவைப்பவர் ஜெயிப்பார். தொடக்க நிலையே அப்படித்தான் இருக்கிறது, அதனால் பெருந்தன்மையோடு "நீயே முதலில் ஆடு" என்று சொல்லுங்கள். அவர் ஏழிலிருந்து மூன்றை அடித்தால் மிச்சம் 1, 3, 5, 4. இரண்டுகளில் இருப்பது ஒன்று மட்டும், ஒன்றுகள் மூன்று. இந்த இரு குறையையும் சரிசெய்ய மூன்று கோட்டு வரிசையை முழுவதும் அடித்துவிட்டால் போதும். கடைசிக் கோடு அடித்தவர் தோற்றார் என்ற விதியிலும் இதே மாதிரி ஆடிக்கொண்டே வாருங்கள். உங்கள் நகர்வுக்குப் பிறகு எல்லா வரிசையும் ஒற்றைக் கோடாகிவிடும் என்ற நேரத்தில் மட்டும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிசைகள் மிஞ்சுமாறு விடுங்கள்.

எண் கண்டுபிடிக்கும் காளை-பசு வேறு ரகம். ஆளுக்கொரு நான்கு இலக்க எண்ணை ரகசியமாக எழுதிக்கொள்ள வேண்டும், இலக்கம் திரும்ப வரக் கூடாது, பூஜ்யம் முன்னால் வரலாம். எதிரி ஓர் எண் சொன்னால், சரியான இலக்கம் சரியான இடத்தில் இருந்தால் காளை, இலக்கம் உண்டு இடம் தப்பு என்றால் பசு. ரகசியம் 5072, ஊகம் 0571 என்றால் ஒரு காளை, இரண்டு பசு. சாத்தியமான எண்கள் 5,040. முதல் ஊகம் எதுவானாலும் ஒன்றுதான், 1234 போதும்.

சுவாரசியம் பதிலில் இருக்கிறது. "ஒன்றுமே இல்லை" என்று வந்தால் முகம் வாடுகிறது, "ஒரு பசு" என்றால் கொஞ்சம் நிம்மதி வருகிறது. உண்மையில் நேர்மாறு. ஒன்றுமே இல்லை என்றால் மிஞ்சுவது 360 எண்கள் மட்டும். ஒரு பசு என்றால் 1,440. வெறும் கை திரும்புவதுதான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்தடுத்த ஊகத்துக்கு ஒரே ஒழுக்கம் போதும்: இதுவரை வந்த எல்லாப் பதிலுக்கும் பொருந்துகிற எண்ணை மட்டுமே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அந்த எண்ணை ரகசியம் என்று வைத்து, பழைய ஊகங்களுக்கு அதே காளை-பசு வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மிகச் சிறந்த ஆட்டத்தில் சராசரி 5.2 ஊகம், எந்த எண்ணும் 7-க்குள் அகப்படும். எட்டு தாண்டியும் கிடைக்கவில்லையென்றால் பெரும்பாலும் உங்கள் சரிபார்ப்பில் எங்கோ ஓட்டை, அல்லது எதிரி பதில் சொன்னதில் பிழை. இரண்டாவதுதான் இந்த ஆட்டத்தின் சாபம். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, இலக்கங்களை மனதில் ஒப்பிடும்போது ஒரு பசு தவறிவிடும். ரகசிய எண்ணை ஊகத்துக்கு நேர் மேலே எழுதிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள்.

கப்பல் ஆட்டம், அதாவது எதிரி தன் தாளில் ஒளித்துவைத்த கப்பல்களைக் கட்டம் சொல்லிச் சுட்டு மூழ்கடிப்பது, 1967-ல் பிளாஸ்டிக் பெட்டியில் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே தாளில் ஆடப்பட்டது. ஆளுக்கு இரண்டு 10-க்கு 10 கட்டம், கப்பல்கள் 5, 4, 3, 3, 2 நீளத்தில், மொத்தம் 17 கட்டம். வரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைக்காதீர்கள். கிசுகிசுத்துப் பேசும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகக் கேட்டு, "இ-யா ஈ-யா" என்பதிலேயே ஆட்டம் கலைந்துவிடும். க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ சரியாகப் பத்து எழுத்து. சுடுவதை மனம்போன போக்கில் செய்யாமல் சதுரங்கப் பலகையின் ஒரு நிறக் கட்டங்களில் மட்டும் சுடுங்கள். இரண்டு நீளக் கப்பல்கூட ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையில்தான் உட்கார முடியும், எனவே 50 கட்டத்தில் எதுவும் தப்பாது. அந்தக் குட்டிக் கப்பல் மூழ்கிவிட்டால் மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வு வரிசைக்கு மாறுங்கள், முழுப் பலகைக்கும் 33 கட்டம்தான். தொடக்கத்தில் நடுப்பகுதியில் சுடுவது லாபம், ஐந்து நீளக் கப்பல் ஒரு மூலைக் கட்டத்தை மூட இரண்டே வழி, நடுக் கட்டத்தை மூடப் பத்து வழி. கப்பல்கள் ஒட்டி நிற்கலாமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சொல் கண்டுபிடிக்கும் ஹேங்மேன். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குச் செய்த ஆட்டத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஓடாது. 247 எழுத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டால் பொம்மை நான்கு முறை தூக்கில் தொங்கிவிடும். ஊகத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் "ச வரிசை உண்டா?" என்று மெய்யைக் கேட்பது, பிறகு அந்த இடத்தில் என்ன உயிர் என்று கேட்பது. புள்ளியையும் ஓர் உயிர் போலக் கேட்கலாம், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தவறுக்கு எட்டு வாய்ப்பு கொடுங்கள்.

பள்ளியில் படித்து மறந்த இலக்கணம் இங்கே காசாகும். க், ச், த், ப் ஆகியவை கிடைத்தால் அடுத்த எழுத்து அதே வரிசைதான், கேட்க வேண்டியதே இல்லை. ஞ்-க்குப் பின் பெரும்பாலும் ச, ங்-க்குப் பின் க, ந்-க்குப் பின் த. ர்-உம் ழ்-உம் ஒருபோதும் இரட்டிக்காது. சொல்லின் முதலில் ட, ண, ற, ன, ள, ழ வரிசைகளைக் கேட்டு வாய்ப்பை வீணாக்காதீர்கள். வல்லினப் புள்ளியெழுத்தில் தமிழ்ச்சொல் முடியாது. கடன் சொற்களை அனுமதித்தால் இதில் பாதி உடைந்துவிடும், அதனால் அனுமதி உண்டா என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள்.

சொல் வைப்பவருக்கு: நீளமான சொல் கடினம் என்று நினைத்து 'விண்ணப்பப்படிவம்' என்று வைப்பது அறியாமை, இரண்டு எழுத்து தெரிந்தாலே அது தானாக விழுந்துவிடும். இரண்டெழுத்துச் சொல்லை வையுங்கள். இரண்டாவது 'ணி' என்று எதிரி கண்டுபிடித்த பிறகும் அணி, ஆணி, ஏணி, காணி, கேணி, துணி, தோணி, பணி, பாணி, பிணி, மணி என்று பதினொன்றாவது மிஞ்சும்.